2 ஜிபி ராம், 1 கோர், ஜாங்கோ ஆப்: கன்னிகார்னா, யூவிஸ்கியா, வேறு எதாவதா?

வைகைக்கரை (வெள்ளி, இரவு 10.42)

எல்லோருக்கும் வணக்கம். அக்கா டியூஷன் சென்டர் நடத்துகிறார், ஏறக்குறைய 600 பிள்ளைகள். பெற்றோர் போனிலேயே மார்க்கைப் பார்த்து, மதிப்பெண் பட்டியலை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ள ஒரு ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்ஒர்க்) ஆப் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. எப்படி ஓடியது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: டிமக்ஸ் (லாக்அவுட் ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினல்) திறந்து ரன்சர்வர் (ஜாங்கோவோடு வரும் சோதனை சர்வர்) போட்டு அப்படியே விட்டுவிட்டு வந்தவன் நான்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் புத்தி வந்து, ஒரு பதிவைப் பார்த்து என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) முன்னால், கன்னிகார்ன் (பைத்தான் ஆப்பை ஓட்டும் சர்வர்) பின்னால் என்று மாற்றினேன். அந்தப் பதிவில் 9 ஒர்க்கர் (வரும் ரிக்வெஸ்டைக் கவனிக்கும் பிராசஸ்) என்று இருந்தது, நானும் 9 போட்டேன். தளத்தைத் திறந்து பார்த்தேன், பறந்தது. காலை 10 மணிக்கு ரிசல்ட் என்று அக்கா வாட்ஸாப்பில் சொன்னார். 10.10-க்கு எல்லோருக்கும் 502 (பின்னால் உள்ள சர்வர் சரியாகப் பதில் தரவில்லை என்ற பிழை). ரீஸ்டார்ட் பண்ணினால் இரண்டு நிமிடம் வரும், மறுபடி போய்விடும். அப்புறம் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) கூட உள்ளே விடவில்லை. வேடிக்கை என்னவென்றால், ரன்சர்வரில் இருந்தபோது மெதுவாகவாவது வந்தது.

இன்னும் மூன்று வாரத்தில் அடுத்த தேர்வின் ரிசல்ட். விபிஎஸ் (வாடகை சர்வர்) 1 கோர், 2 ஜிபி ராம், உபுண்டு 22.04, டேட்டாபேஸான போஸ்ட்கிரஸும் அதே மெஷினில். கன்னிகார்னை விட்டுவிட்டு அதே வேலையைச் செய்யும் யூவிஸ்கிக்குப் போகலாமா, யூவிகார்னா, இல்லை அப்பாச்சியே நல்லதா? பெரிய மெஷின் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், அக்கா பணம் தரமாட்டார்.

மின்னல்வேகம் (வெள்ளி, இரவு 11.05)

ப்ரோ, இன்னுமா சிங்க் ஒர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்ட்)? அசிங்க் (ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்றைப் பார்ப்பது) ஃப்ரேம்ஒர்க்கான பாஸ்ட்ஏபிஐ, யூவிகார்ன், முடிந்தது கதை. என்னுடைய சாட் ஆப் ஒரே ஒரு பிராசஸில் இரண்டாயிரம் கனெக்ஷனைத் தாங்குகிறது, மெமரி 150 எம்பி தாண்டியதே இல்லை. ஜாங்கோவை விட முடியாது என்றால் அதையும் ஏஎஸ்ஜிஐ-யில் (பைத்தானின் அசிங்க் சர்வர் இடைமுகம்) ஓட்டலாம், 3.0-லிருந்தே இருக்கிறது.

பழைய அப்பாச்சி (சனி, காலை 6.20)

தம்பி, ரன்சர்வரை வெளியே திறந்து வைத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஜாங்கோவின் ஆவணத்திலேயே பெரிய எழுத்தில் வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள்.

நான் ஒரு அலுவலகத்துக்கு எட்டு வருடமாக அப்பாச்சியும் மாட்-விஸ்கியும் (அப்பாச்சியில் பைத்தானை ஓட்டும் மாட்யூல்) வைத்து ஓட்டுகிறேன். ஏற்கெனவே அங்கே பிஎச்பி தளம் ஒன்று அப்பாச்சியில் இருந்தது, அதன் பக்கத்திலேயே பைத்தானையும் உட்கார வைத்தாயிற்று. டீமன் மோடில் (பைத்தானுக்குத் தனிப் பிராசஸ்) வைக்க வேண்டும், எம்பெட்டட் மோடில் வைத்தால் படம் கேட்டு வரும் அப்பாச்சி பிராசஸ் எல்லாம் உன் முழு ஆப்பையும் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். பலர் மாட்-விஸ்கி கனம் என்று திட்டுவது இதைப் பார்த்துத்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மாட்-விஸ்கி எந்தப் பைத்தான் பதிப்போடு கம்பைல் ஆனதோ அதோடுதான் ஒட்டும். 3.8-லிருந்து 3.10-க்கு மாறிய அன்று விர்ச்சுவல் என்வை (ஆப்புக்கான தனிப் பைத்தான் சூழல்) மட்டும் மாற்றிவிட்டு, ஏன் ஓடவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நானே இதைச் சொல்லமாட்டேன். அப்பாச்சி ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குச் சரி.

ராத்திரி ஷிப்ட் (சனி, காலை 9.14)

கொஞ்சம் பொறுங்கள். நோயாளியைப் பார்க்காமலே ஆளாளுக்கு மருந்து எழுதுகிறோம். வைகைக்கரை, மூன்று விஷயம் போடுங்கள்: அன்று 10 மணியிலிருந்து 10.20 வரை கன்னிகார்ன் லாக், ஜர்னல்சிடிஎல்லில் கிடைக்கும். டிமெஸ்ஸில் (ஓஎஸ்ஸின் மையமான கர்னலின் லாக்) மெமரி பற்றி எதாவது இருக்கிறதா. அப்புறம் சும்மா இருக்கும் நேரத்தில் ஒரே ஒரு பிடிஎஃப் கேட்டால் எத்தனை விநாடி, அந்த ஒர்க்கர் எவ்வளவு மெமரி.

வைகைக்கரை (சனி, மதியம் 1.31)

அண்ணா, பார்த்துவிட்டேன்.

கன்னிகார்ன் லாகில் 10.03-லிருந்து "கிரிட்டிக்கல், ஒர்க்கர் டைம்அவுட், பிஐடி 2231" என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண். சிலவற்றின் கீழே "ஒர்க்கருக்கு சிக்கில் அனுப்பப்பட்டது, மெமரி தீர்ந்திருக்கலாம்" என்கிற பொருளில் ஒரு வரி (சிக்கில் என்றால் உடனே கொல்லும் சிக்னல்). டிமெஸ்ஸில் 10.09-க்கு முதல் முறையாக "அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்", அடைப்புக்குறிக்குள் கன்னிகார்ன். அதற்குப் பிறகு நான்கு முறை, அதில் ஒருமுறை போஸ்ட்கிரஸ்.

ஒற்றை பிடிஎஃப் 7 விநாடி. ஒர்க்கர் கிளம்பும்போது 110 எம்பி, பிடிஎஃப் போட்ட பிறகு 260 எம்பி ஆகி அங்கேயே நிற்கிறது, இறங்குவதில்லை. பிடிஎஃப்புக்கு வீசிபிரிண்ட் பயன்படுத்துகிறேன். முதலில் ரிப்போர்ட்லேபில்தான் செய்தேன், அதில் கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்தது, "செல்வி" என்ற பெயரைப் பார்த்தால் சகிக்காது. அதனால்தான் இதற்கு வந்தேன்.

ராத்திரி ஷிப்ட் (சனி, மாலை 4.50)

நன்றி, இதுதான் வேண்டும். இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பிடிஎஃப் தனியாக ஓடினால் 7 விநாடி. இது முழுக்க சிபியூ வேலை, நடுவில் எதற்காகவும் காத்திருப்பதில்லை. உங்களிடம் இருப்பது ஒரு கோர். ஒன்பது ஒர்க்கரும் ஒரே நேரத்தில் பிடிஎஃப் போட ஆரம்பித்தால் அந்த ஒரு கோரை ஒன்பது பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அதாவது ஒவ்வொன்றும் 63 விநாடி. கன்னிகார்னின் டைம்அவுட் நீங்கள் மாற்றாதவரை 30 விநாடி. ஆக 30-வது விநாடியில் ஒன்பதும் பாதி வேலையில் வெட்டுப்படுகின்றன, ஒரு பிடிஎஃப் கூட வெளியே வராது. ஒன்பது புதிய ஒர்க்கர் பிறந்து அதே கூத்தை மறுபடி ஆரம்பிக்கும். உங்கள் மெஷின் அன்று 100% உழைத்தது, ஆனால் யாருக்கும் எதையும் தரவில்லை. ரன்சர்வரில் இந்த 30 விநாடி வெட்டு கிடையாது, அதனால்தான் அது மெதுவாகவாவது கொடுத்தது.

இதன் மேல் பெற்றோர் என்ன செய்வார்கள்? சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று ரெஃப்ரெஷ் அடிப்பார்கள். என்ஜின்எக்ஸ் ஆக்சஸ் லாகில் 499 என்று குவிந்திருக்கும், பாருங்கள். கேட்டவர் பதில் வருவதற்கு முன்பே போய்விட்டார் என்பதற்கு என்ஜின்எக்ஸ் தானே வைத்துக்கொண்ட எண் அது. கேட்டவர் போய்விட்டது சிங்க் ஒர்க்கருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ஆளில்லாத பிடிஎஃப்பை அரைத்துக்கொண்டிருக்கும். வரிசையில் அடுத்து நிற்பதும் அதே பெற்றோரின் இரண்டாவது கிளிக்தான்.

மெமரிக்கு வருவோம். 9 ஒர்க்கர் × 260 எம்பி என்றால் 2,340 எம்பி. மொத்தமே 2 ஜிபிதான், அதிலும் போஸ்ட்கிரஸுக்கும் ஓஎஸ்ஸுக்கும் பங்கு போக வேண்டும். ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் பிராசஸைக் கொல்லும் கர்னலின் வேலை) வராமல் என்ன செய்யும். எஸ்எஸ்எச் உள்ளே விடாததும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. கன்னிகார்ன் லாகில் வரும் "மெமரி தீர்ந்திருக்கலாம்" வரியை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். டைம்அவுட் ஆன ஒர்க்கரை முதலில் சிக்அபார்ட் (பாதியில் நிறுத்தும் சிக்னல்) அனுப்பிப் பார்க்கும், சாகவில்லை என்றால் கன்னிகார்னே சிக்கில் அனுப்பும், அப்போதும் அதே வரிதான் வரும். கர்னல் கொன்றதா, கன்னிகார்ன் கொன்றதா என்பது டிமெஸ்ஸைப் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது, முதலில் கன்னிகார்ன் கொன்றது, ஆறு நிமிடம் கழித்து கர்னலும் கொன்றது.

ஒர்க்கர் எண்ணிக்கைக்கு கன்னிகார்ன் ஆவணம் சொல்லும் ஆரம்பக் கணக்கு கோரை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுவது. 4 கோர் மெஷினுக்கு எழுதிய பதிவில் 9 சரி. உங்களுக்கு 3. அதுவும் மெமரி இடம் கொடுத்தால்.

மின்னல்வேகம் (சனி, மாலை 5.22)

நான் சொன்னதும் அதைத்தானே அண்ணா, ஒர்க்கர் ஒர்க்கராக மெமரி தின்பதற்குப் பதில் ஒரே பிராசஸில் அசிங்க் வைத்தால் 260 எம்பியோடு போயிற்று.

சேலத்துக்காரி (சனி, மாலை 6.03)

போகாது தம்பி. உங்கள் சாட் ஆப்பில் இரண்டாயிரம் பேர் கனெக்ட் ஆகியிருக்கிறார்கள், ஆனால் யாரும் எந்த நொடியிலும் பெரிதாக எதையும் கேட்பதில்லை, பெரும்பாலும் சும்மா காத்திருக்கிறார்கள். காத்திருப்பதில்தான் அசிங்க் கெட்டி. இங்கே காத்திருப்பு இல்லை, அரைப்பு. யூவிகார்னின் ஈவன்ட் லூப்பில் (எல்லோரையும் மாறி மாறிக் கவனிக்கும் ஒரே சுற்று) 7 விநாடி பிடிஎஃப் வேலையைப் போட்டால் அந்த 7 விநாடியும் மற்ற எல்லோரும் நிற்க வேண்டியதுதான், லாகின் பக்கம் கூட திறக்காது. த்ரெட்டில் தள்ளினாலும் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓட விடும் பைத்தானின் பூட்டு) இருக்கிறது, ஒரு கோரும் இருக்கிறது. வெளி ஏபிஐயைக் கூப்பிட்டுப் பத்து விநாடி வாய் பார்க்கும் ஆப் என்றால் உங்கள் பக்கம் நான் நிற்பேன்.

வைகைக்கரை, ஒர்க்கரை 3 ஆக்கினால் 502 நிற்கும், மூன்று பேர் பங்கு போட்டால் 21 விநாடி, 30-க்குள் முடிந்துவிடும். ஆனாலும் 7 விநாடிக்கு ஒரு பிடிஎஃப்தான் வெளியே வரும். 10 மணிக்கு 200 பேர் வந்தால் கடைசி ஆளுக்கு 1,400 விநாடி, 23 நிமிடத்துக்கு மேல். அவருக்கு என்ஜின்எக்ஸ் 60-வது விநாடியிலேயே 504 (நேரம் தாண்டிவிட்டது என்ற பிழை) கொடுத்து அனுப்பிவிடும். எந்த சர்வரை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

நான் கேட்பது வேறு. ரிசல்ட் வெளியிட்ட பிறகு மார்க் மாறுமா? மாறாது என்றால் பத்து மணிக்கு ஏன் பிடிஎஃப் போடுகிறீர்கள்? முந்தின ராத்திரியே போட்டு வைத்துவிடுங்கள். 600 × 7 = 4,200 விநாடி, 70 நிமிடம். ஜாங்கோ மேனேஜ்மென்ட் கமாண்ட் (டெர்மினலில் ஓட்டும் ஸ்கிரிப்ட்) ஒன்று எழுதி 11 மணிக்கு ஓட விட்டால் நீங்கள் தூங்கி எழுவதற்குள் எல்லாம் தயார். கல்யாண வீட்டில் பந்தி போட்ட பிறகா உளுந்து ஊற வைப்பார்கள்?

கொடுப்பதற்கும் ஜாங்கோ வேண்டாம். யார் லாகின் பண்ணியிருக்கிறார், இது அவர் பிள்ளையின் பட்டியல்தானா என்று மட்டும் ஜாங்கோ பார்க்கட்டும். பார்த்துவிட்டு எக்ஸ்-ஆக்சல்-ரீடைரக்ட் என்ற ஹெடரில் ஃபைலின் பாதையை மட்டும் திருப்பி அனுப்பினால், ஃபைலை என்ஜின்எக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடும். அந்த ஃபோல்டருக்கான என்ஜின்எக்ஸ் லொக்கேஷனில் இன்டர்னல் (வெளியிலிருந்து நேராகக் கேட்க முடியாது) என்று போட மறக்காதீர்கள், போடாவிட்டால் எண்ணை மாற்றி மாற்றி அடித்து அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கையும் பார்த்துவிடுவார்கள். ஒர்க்கரின் வேலை சில மில்லிவிநாடியில் முடிந்துவிடும், அந்த அப்பா பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு கோடு சிக்னலில் இரண்டு நிமிடம் இறக்கினாலும் என்ஜின்எக்ஸ் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். கன்னிகார்னுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் வை என்று சொல்வதற்கு முக்கியக் காரணமே இந்த மெதுவான போன்கள்தான், ஸ்டாட்டிக் ஃபைல் அப்புறம்தான்.

கணக்குப்பிள்ளை (சனி, இரவு 8.40)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஆபீஸில் விண்டோஸ் சர்வர்தான், பிளாஸ்க்கில் (இன்னொரு பைத்தான் ஃப்ரேம்ஒர்க்) எழுதிய ஸ்டாக் ஆப். கன்னிகார்ன் இன்ஸ்டால் ஆகிறது, ஓட்டினால் எஃப்சிஎன்டிஎல் என்ற மாட்யூல் இல்லை என்று விழுகிறது. என்ன செய்ய? யூவிஸ்கி பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

ராத்திரி ஷிப்ட் (சனி, இரவு 9.55)

கன்னிகார்ன் யூனிக்ஸுக்கு மட்டும்தான், ஃபோர்க் செய்து (பிராசஸைப் பிரதியெடுத்து) வாழ்கிற ஜீவன். விண்டோஸில் வெயிட்ரஸ் என்ற சர்வரைப் போடுங்கள், முழுக்கப் பைத்தானிலேயே எழுதியது, கம்பைலர் எதுவும் கேட்காது. 8080 போர்ட், 4 த்ரெட், அதுவே எடுத்துக்கொள்ளும். ஆபீஸுக்குள் இருபது பேருக்கு அது தாராளம். விண்டோஸ் சர்வீஸாகப் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது லாக்ஆஃப் பண்ணும் அன்று ஆப்பும் கூடவே போய்விடும்.

யூவிஸ்கி எனக்குப் பிடித்த மிருகம், நாலு வருடம் அதோடு குடும்பம் நடத்தினேன். நேரம் தாண்டிய ரிக்வெஸ்டைக் கொல்லும் ஆப்ஷனுக்கு ஹராகிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தத் துணிச்சலுக்காகவே ஒரு மரியாதை. ஆனால் ஆப்ஷன்கள் நூற்றுக்கணக்கில், சிலவற்றின் இயல்பான நடத்தை நாம் நினைப்பதற்கு நேர் எதிர். சிக்டெர்ம் (நின்றுவிடு என்ற சிக்னல்) அனுப்பினால் நிற்காது, ரீலோட் ஆகும். டை-ஆன்-டெர்ம் என்று தனியாகச் சொன்னால்தான் நிற்கும். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கக் கொல்லக் கொல்ல எழுந்து வந்த பிராசஸோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது அந்தத் திட்டம் மெயின்டனன்ஸ் மோடில் இருக்கிறது, பிழைதிருத்தம் வரும், புதிதாக எதுவும் வராது என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டாம், புதிதாகத் தொடங்கவும் வேண்டாம்.

வைகைக்கரை, கன்னிகார்னிலேயே இருங்கள். 3 ஒர்க்கர், சிங்க். பிடிஎஃப் ராத்திரிக்குப் போய்விட்டதால் ஒர்க்கர் 110 எம்பியிலேயே நிற்க வேண்டும். இருந்தாலும் மேக்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ் 500, ஜிட்டர் (அந்த எண்ணில் சிறு ஏற்ற இறக்கம்) 50 போட்டு வையுங்கள், ஒவ்வொரு ஒர்க்கரும் அத்தனை வேலை பார்த்ததும் ஓய்வு பெற்றுப் புதிது வரும். ஜிட்டர் இல்லாவிட்டால் மூன்றும் ஒன்றாக ஓய்வு பெறும். டைம்அவுட்டை 300 ஆக்கு என்று எங்காவது படித்தால் செய்யாதீர்கள், காய்ச்சல் தெரியக்கூடாது என்று தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை அது. டிமக்ஸை விட்டு சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டும் மேலாளர்) சர்வீஸுக்கு வாருங்கள், ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று ஒரு வரி.

பிரீலோட் போட்டால் மாஸ்டர் (ஒர்க்கர்களைப் பெற்றெடுக்கும் பிராசஸ்) ஏற்றிய நிரலை ஒர்க்கர்கள் பகிர்ந்துகொள்ளும், கொஞ்சம் ராம் மிச்சம். முழுதாக மிச்சமாகாது, பைத்தான் ஒரு பொருளைத் தொட்டாலே ரெஃபரன்ஸ் கவுண்ட் (அதை எத்தனை இடம் பயன்படுத்துகிறது என்ற எண்) மாறி, அது இருக்கும் மெமரி பேஜ் தனிப்பிரதி ஆகிவிடும். இன்ஸ்டாகிராம்காரர்கள் 2017-இல் இதற்காகக் கார்பேஜ் கலெக்டரையே (வேண்டாத பொருள்களை அகற்றும் பகுதி) அணைத்துப் பார்த்தார்கள், பைத்தான் 3.7-ல் ஜிசி ஃப்ரீஸ் (இருக்கும் பொருள்களைக் கலெக்டர் தொடாமல் வைப்பது) வந்தது அந்த வழியில்தான். நமக்கு 600 பிள்ளைகள், அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வைகைக்கரை (அடுத்த ஞாயிறு, இரவு 11.48)

எல்லாம் செய்துவிட்டேன், ராத்திரி வேலை 70 நிமிடம் இல்லை, 52 நிமிடத்திலேயே முடிந்தது, ஒரே பிராசஸில் ஃபான்ட் ஒருமுறைதான் ஏறுகிறது என்பதாலோ என்னவோ. ஆனால் இறக்கினால் 403 (அனுமதி மறுப்பு). என் லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை. பிடிஎஃப் எல்லாம் என் ஹோம் டைரக்டரிக்குள் ஒரு ஃபோல்டரில், ஃபைலுக்குப் படிக்கும் அனுமதி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுப் பார்க்கவா?

பழைய அப்பாச்சி (திங்கள், காலை 5.58)

777 போட்டால் கையை ஒடிப்பேன் தம்பி. ஃபைலுக்கு அனுமதி இருந்து பயனில்லை, அங்கே போகும் வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைய அனுமதி வேண்டும். உபுண்டு 21.04-லிருந்து ஹோம் டைரக்டரியை 750 (வெளியார் நுழைய முடியாது) ஆக்கிவிட்டார்கள், அதற்கு முன் 755 (நுழையலாம்). என்ஜின்எக்ஸ் வேறு யூசராக ஓடுகிறது, உன் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நேம்ஐ என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, அதில் மைனஸ் எல் கொடுத்து முழுப் பாதையையும் கொடு, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். ஆப்பையும் பிடிஎஃப்பையும் எஸ்ஆர்வி ஃபோல்டருக்குக் கொண்டுபோய் வை. சர்வரில் ஓடும் சாமான் வீட்டுக்குள் இருக்கக்கூடாது.

வைகைக்கரை (திங்கள், காலை 7.30)

மாற்றிவிட்டேன் ஐயா, வருகிறது. நேம்ஐ இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே.

வைகைக்கரை (மூன்றாவது சனி, மதியம் 12.15)

இன்று ரிசல்ட். 9.55-லிருந்து டாப் (சிபியூவும் மெமரியும் காட்டும் கமாண்ட்) திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கையில் டீ ஆறிப்போனது. 10.00-லிருந்து 10.15-க்குள் 311 பேர் இறக்கியிருக்கிறார்கள். சிபியூ 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஒர்க்கர் மூன்றும் 118, 115, 121 எம்பி. ராம் 900 எம்பிக்கு மேல் சும்மா கிடக்கிறது. லாகில் டைம்அவுட் ஒன்று கூட இல்லை, 499 நான்கே நான்கு.

ஒரே ஒரு அப்பா மட்டும் அக்காவுக்குப் போன் போட்டு, லாகின் ஓடிபி 20 நிமிடம் கழித்து வந்தது என்று சத்தம் போட்டார். அது எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தில் தாமதம்.

சேலத்துக்காரி (மூன்றாவது சனி, மதியம் 12.40)

நல்லது. அந்த ஓடிபி அனுப்பும் ஏபிஐ அழைப்பு எங்கே இருக்கிறது, லாகின் வியூவுக்குள்ளேயேவா? எஸ்எம்எஸ் ஏபிஐ பதில் தர 20 விநாடி எடுத்தால் உங்கள் மூன்று ஒர்க்கரும் அங்கே போய் நின்றுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்புக்கு டைம்அவுட் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?

வைகைக்கரை (மூன்றாவது சனி, மதியம் 12.52)

கொடுக்கவே இல்லை.

மின்னல்வேகம் (மூன்றாவது சனி, மதியம் 12.53)

இப்போது அசிங்க் பற்றிப் பேசலாமா அக்கா?